போல்ட்டு உள்ளே ஏறிடுச்சுன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்லீங்க

நாத்து, களை, மழை, சந்தை விலைன்னு எழுதிட்டிருக்கிறவன் இந்த வாரம் நட்டு போல்ட்டைப் பத்தி எழுத உட்கார்ந்திருக்கேன். அதுவும் அறுபது வருசத்துப் பழைய இங்கிலீஷ்காரன் கார் ஒண்ணோட பிரேக் போல்ட்டைப் பத்தி. விவசாயிக்கு இது எதுக்குன்னு நீங்க கேட்கலாம். டிராக்டர் வெச்சிருக்கிற விவசாயி பாதி மெக்கானிக்குங்க. மீதிப் பாதிதான் விவசாயி.

சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடறேன். டவுன்ல இருக்கிற நீங்க எங்களைப் பத்திப் பெருமையா ஒண்ணு சொல்வீங்க. "கிராமத்து ஆளுங்களுக்கு எதை வெச்சும் எதையும் ஓட்டத் தெரியும்"னு. வாஸ்தவம்தான். சைக்கிள் டியூபைக் கீறிக் கட்டி பைப் ஒழுகலை நிறுத்துவோம். கட்டுக்கம்பி இருந்தா பாதி பண்ணையத்தை ஓட்டிடுவோம். ஆனா எந்த இடத்துல அந்த வேலை ஆகாதுங்கறதும் எங்க பெரியவங்களுக்குத் தெரியும். இந்த ரெண்டாவது பாதியை உங்க கண்ணு பார்க்கறதே இல்லை. இப்ப எங்க ஊர்ப் பசங்களும் அதை விட்டுட்டு வர்றாங்க. பிரேக் அப்படிப்பட்ட இடம். அங்க ஒப்பேத்தல் வேலை கூடாது.

எங்கப்பா காலத்துல எங்க கிணத்துல கவலை ஓடுச்சு. அதுல ரெண்டு கயிறு உண்டு. வடம்கிறது தடியான கயிறு, நிறைஞ்ச சாலையே தூக்கறது அதுதான். வால்கயிறு மெலிசு, தும்பியை இழுத்துப் பிடிக்கறதுக்கு. வால்கயிறு அறுந்தா எங்கப்பா அங்கயே ஒரு முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டுவார். வடத்துல ஒரே ஒரு புரி விட்டுப் போயிருந்தாலும் போதும், மாட்டை அவுத்துடுவார். ரெண்டுமே கயிறுதான். ஆனா வடம் அறுந்தா சரிவுல இழுத்துட்டுப் போற மாடு குப்புற விழும், கயித்து மேல உட்கார்ந்திருக்கிற ஆளும் போவான். அதே மாதிரி வண்டிச் சக்கரத்துக் கடையாணிக்குப் பதிலா கம்பி ஆணியைச் சொருகி சந்தைக்குப் போக விடவே மாட்டார். பக்கத்து ஊர் ஆசாரிகிட்ட நடந்துபோய் அடிச்சு வாங்கிட்டு வந்துதான் வண்டி பூட்டுவார்.

இனி காருக்கு வர்றேன்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டுப் பேரன் சென்னையில கம்ப்யூட்டர் வேலையில இருக்கான். என்னை மாமான்னுதான் கூப்பிடுவான். அவங்க தாத்தா வாங்கின ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒண்ணு புகையிலைக் கொட்டாய்ல இருபது வருசத்துக்கு மேல நின்னுட்டிருந்துச்சு. பார்த்திருக்கீங்களா அந்தக் காரை? முன்பக்கம் மொத்தமும், மட்கார்டோட சேர்ந்து, முன்னாடி கவுந்து திறக்கும். இங்கிலாந்துல அதுக்கு டிரயம்ப் ஹெரால்டுன்னு பேரு, 1959ல வந்தது. நம்ம ஊர்ல 1961லிருந்து வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனியில தயாராச்சு. ஆக இங்கிலீஷ் ரத்தம், மெட்ராஸ்ல பொறப்பு.

பையன் ஆசைப்பட்டு வெளியில எடுத்தான். பெயின்ட்டு, சீட்டு, கண்ணாடின்னு நிறையச் செலவு பண்ணினான். அவனோட கனவு என்னன்னா, தாத்தா பாட்டியைக் கூட்டிட்டுப் போன மாதிரி பொண்டாட்டி புள்ளையோட அந்தக் கார்லயே வால்பாறை போகணும். ஆழியாறு தாண்டினா நாப்பது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இன்ஜின் பார்த்துக்கும். இறங்கும்போது?

அதனால பிரேக்கைப் பிரிச்சுப் பார்க்கலாம்னு நான்தான் சொன்னேன். முன்சக்கரம் இடது பக்கம் டிரம்மைக் கழட்டினா உள்ளே ஒரு தகடு இருக்கும், பிரேக் லைனர் கட்டை ரெண்டையும் தாங்கிட்டு. அந்தத் தகட்டைப் பிடிச்சிருக்கிற போல்ட்டுகள்ல ஒண்ணைக் காணோம். இன்னொண்ணு இருந்துச்சு, ஆனா அது அந்த வண்டியோடது இல்லை. எந்தக் காலத்துலயோ யாரோ ஒரு புண்ணியவான் கேட்டுக் கதவுக்குப் போடற போல்ட்டை அதுல முறுக்கி ஏத்தியிருக்கான். பாதி மரை சிரைஞ்சு கிடக்கு.

அந்தப் போல்ட்டு என்ன வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாத்தான் மீதி புரியும். பிரேக்கை மிதிச்சா கட்டை ரெண்டும் விரிஞ்சு சுத்தற டிரம்மைக் கவ்வும். கவ்வின உடனே டிரம் அந்தக் கட்டையையும் தகட்டையும் தன்னோட சேர்த்துச் சுத்தப் பார்க்கும். சுத்த விடாமப் பிடிச்சு நிக்கறது அந்த நாலஞ்சு போல்ட்டுதான். சுண்டுவிரல் மொத்தம் கூட இருக்காது ஒவ்வொண்ணும். வண்டியோட வேகம், அதுல இருக்கிற ஆளுங்க கனம் எல்லாம் அந்த ஒரு நிமிசத்துல அந்த இரும்பு மேலதான் வந்து விழுகுது.

நாங்க வேலைக்கு வெச்சிருந்த மெக்கானிக் பையன் நல்ல கைக்காரன்தான். அவன் என்ன பண்ணினான்னா, பெட்டியிலிருந்து ஒரு எட்டு எம்.எம். போல்ட்டை எடுத்து, ரெண்டு சுத்து கையில திருகி, அப்புறம் ஸ்பேனருக்குப் பின்னாடி பைப்பைச் சொருகி ஒரு அழுத்து அழுத்தினான். "ஏறிடுச்சுங்ணா"ன்னான். நான் கழட்டச் சொன்னேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டான்.

இந்த "ஏறிடுச்சு"ங்கற வார்த்தையைப் பத்தித்தான் என் வழக்கு. ஹெரால்டுல இருக்கிறது நம்ம கடைக்காரங்க சொல்ற ரெண்டரை நூல் போல்ட்டு. ஒரு இஞ்சுக்கு எட்டு நூல், அப்ப ரெண்டரை நூல்னா பதினாறுல அஞ்சு பங்கு. மில்லிமீட்டர்ல சொன்னா 7.94. எட்டு எம்.எம். போல்ட்டுக்கும் அதுக்கும் வித்தியாசம் ஒரு மயிரிழை. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனா மரை வேற. ஹெரால்டு போல்ட்டுல ஒரு இஞ்சு நீளத்துக்கு 24 மரை. எட்டு எம்.எம். போல்ட்டுல கொஞ்சம் கூட இருபதுதான் வரும். பைப் போட்டு முறுக்கினா என்ன ஆகும்? புது மரை பழைய மரையை வெட்டிக்கிட்டே உள்ளே போகும். வெளியில இருந்து பார்த்தா இறுக்கமா இருக்கிற மாதிரியே இருக்கும், ஏன்னா சிக்கிக்கிட்டு நிக்குது. பிடிச்சுக்கிட்டு நிக்கறது வேற, சிக்கிக்கிட்டு நிக்கறது வேற. சூடு ஏறி, ஆட்டம் கொடுத்து, ஒரு நாள் மொத்த மரையும் உரிஞ்சு வெளியில வரும். மனுசனைப் பத்தி மரை கழண்டவன்னு நாம சிரிச்சுட்டுச் சொல்றோம். பிரேக்ல கழண்டா சிரிக்கறதுக்கு ஆள் இருக்காது.

எதுக்கு இத்தனை விதமா மரை வெச்சிருக்காங்கன்னு பையன் கேட்டான். எனக்கும் அந்தக் கேள்வி சின்ன வயசுலயே வந்தது. லேத் பட்டறைத் திண்ணையில உட்கார்ந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான் பாதி. அந்தக் காலத்துல ஒவ்வொரு பட்டறைக்காரனும் அவனவன் இஷ்டத்துக்கு மரை வெட்டிட்டிருந்தான். 1841ல இங்கிலாந்துல ஜோசப் விட்வொர்த்னு ஒருத்தர் எல்லாரும் இப்படித்தான் வெட்டணும்னு ஒரு கணக்குச் சொன்னார். மரையோட பள்ளத்துக்கு 55 டிகிரி சரிவு. அது பெரிய மரை. மோட்டார் வண்டி வந்தப்புறம் அதிர்ச்சியில கழண்டுக்காம இருக்கப் பொடி மரை தேவைப்பட்டுது, அதுக்கு பி.எஸ்.எஃப்.னு பேரு. அதே 55 டிகிரி. அமெரிக்காக்காரன் இதை ஏத்துக்கலை, அவன் 60 டிகிரியில வெட்டினான். ரெண்டாவது உலக யுத்தத்துல ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னு சண்டை போட்டாங்க, ஆனா ஒருத்தன் நட்டு இன்னொருத்தன் போல்ட்டுக்குச் சேரலை. பட்ட பாட்டுல 1948ல அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா மூணு நாடும் உட்கார்ந்து பொதுவா ஒரு மரைக்கு ஒப்புக்கிட்டாங்க. யு.என்.எஃப்., யு.என்.சி.ங்கறது அதுதான். முதலாவது பொடி மரை, ரெண்டாவது பெரிய மரை.

இதுல இருந்து பழைய கார் வெச்சிருக்கிற உங்களுக்கு ஒரு கணக்குக் கிடைக்குது. யுத்தத்துக்கு முந்தின இங்கிலீஷ் கார்னா விட்வொர்த்தும் பி.எஸ்.எஃப்.பும். ஐம்பதுகள்ல வந்ததுன்னா கலந்து கிடக்கும், ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனியாப் பார்க்கணும். அறுபதுகள்ல வந்ததுன்னா பெரும்பாலும் யு.என்.எஃப். இதுல எம்.ஜி. டி.சி., டி.டி. மாதிரி சில கார் இன்ஜின்ல இன்னொரு கூத்து உண்டு. மரை மெட்ரிக், போல்ட்டுத் தலை மட்டும் விட்வொர்த் ஸ்பேனருக்கு. ஒரு பிரெஞ்சு கம்பெனிகிட்ட வாங்கின தொழிற்சாலையோட வந்த பழக்கம் அது. வாங்கினவன் மிசினை மாத்தலை, தலையை மட்டும் மாத்திட்டான். அந்த மெட்ரிக்கும் கடையில கிடைக்கிற மெட்ரிக் இல்லை, அதைவிடப் பொடி.

அப்ப நிஜப் போல்ட்டை எங்க தேடறது?

முதல்ல தாலுகா டவுன் ஹார்டுவேர் கடை. ரெண்டரை நூல் போல்ட்டுன்னு கேட்டா உடனே எடுத்துக் கொடுத்தாங்க. அது பெரிய மரை, இஞ்சுக்கு 18. ஜன்னல் கிரில்லுக்குப் போடறது. பொடி மரைன்னு கேட்டேன். "எதுவா இருந்தா என்னங்க, உள்ளே போனாச் சரி"ன்னார் கடைக்காரர். மறுபடியும் அதே வார்த்தை.

அடுத்தது லேத் பட்டறை. கோயமுத்தூர் ஜில்லாவுல பொறந்தவனுக்கு லேத் பட்டறை மேல ஒரு பக்தி உண்டு. எதைக் கொண்டு போனாலும் அதே மாதிரி ஒண்ணைக் கடைஞ்சு கொடுத்துடுவாங்க. பம்புசெட் சாப்ட்டு, புஷ்னு எத்தனையோ வேலை வாங்கியிருக்கேன். பையனும் "இங்கயே அடிச்சுக்கலாமே மாமா"ன்னான். நான் வேண்டாம்னேன். டர்னர் அண்ணனும் வேண்டாம்னுதான் சொன்னார். அதுக்குத்தான் அவரைப் பிடிக்கும். அவர்கிட்ட கையில இருந்த கம்பி சாதா மைல்டு ஸ்டீல். அளவு கச்சிதமா வரும், பலம் வராது. இ.என். 24 மாதிரி இரும்பு எடுத்து, முறையா ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணினதா இருந்தா யோசிக்கலாம். அப்பக்கூட லேத்துல மரை வெட்டறப்ப இரும்போட நாரு அறுந்து போகுது. கம்பெனியில மரையை வெட்டறதில்லை, ரெண்டு அச்சுக்கு நடுவுல அழுத்தி உருட்டி எடுக்கறாங்க. நாரு அறுகாம வளைஞ்சு போகும். கருப்பந்தட்டை ஒண்ணை அரிவாள்ல கொத்திட்டு வளைச்சுப் பாருங்க, இன்னொண்ணைக் கொத்தாம வளைச்சுப் பாருங்க. எது முறியும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில கிடைச்ச இடம் எதுன்னு சொன்னா சிரிப்பீங்க. டிராக்டர் ஸ்பேர் கடை. என்கிட்ட இருக்கிறது மாஸி பெர்கூசன் 1035. 1960ல சென்னையில ஆரம்பிச்ச டாஃபே கம்பெனி இங்கிலாந்து மாஸி பெர்கூசனோட சேர்ந்து கொண்டு வந்த வண்டியோட வாரிசு. அதோட மரைகள் ஹெரால்டுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், ரெண்டும் அந்த 1948 ஒப்பந்தத்துல வந்தது. ஒவ்வொரு தாலுகா டவுன்லயும் டிராக்டர் கடைக்காரர் மரப்பெட்டியில யு.என்.எஃப்., யு.என்.சி. ஹை டென்சில் போல்ட்டு வெச்சிருப்பார். பழைய கார் வெச்சிருக்கிறவங்க சென்னையில புதுப்பேட்டை முழுக்க அலையறாங்க, இல்லைன்னா லண்டன்ல இருந்து பார்சல் வரவழைக்கறாங்க. ஒரு நடை டிராக்டர் கடைக்குப் போய்ப் பாருங்க. பழைய லேலண்ட் லாரி, அம்பாசடர் சாமான் விக்கிற கடையும் நல்ல இடம், ரெண்டும் இங்கிலாந்து வழி. டாட்டா லாரிக் கடையில தேட வேண்டாம். அது 1954ல ஜெர்மனி பென்ஸ்காரனோட சேர்ந்து ஆரம்பிச்சது, மெட்ரிக் வழி. பி.எஸ்.எஃப். வேணும்னா பழைய புல்லட் மெக்கானிக் யாராவது வயசானவரைப் பிடிக்கணும். விட்வொர்த் ஸ்பேனர் செட்டு இன்னும் அவங்ககிட்டத்தான் இருக்கு. அந்த ஸ்பேனர்ல போட்டிருக்கிற நம்பர் வாய் அகலம் இல்லை, போல்ட்டோட தடிமன். புதுசாப் பார்க்கிறவனுக்குத் தலை சுத்தும்.

டிராக்டர் கடையில எடுத்ததுக்காக அப்படியே மாட்டிடலை. தலையைப் பார்க்கணும். பிரேக்ல போடற போல்ட்டுத் தலை பேசாம மொட்டையா இருந்தா எனக்கு அது ஆகாது. மெட்ரிக் போல்ட்டுல 8.8, 10.9னு போட்டிருக்கும். முதல் எட்டுன்னா ஒரு சதுர மில்லிமீட்டருக்கு சுமாரா 80 கிலோ இழுவையில அறும்னு அர்த்தம். புள்ளிக்குப் பின்னாடி எட்டுன்னா அதுல நூத்துக்கு 80 பங்கு வரைக்கும் இழுத்து விட்டா பழையபடி சுருங்கிக்கும், அதுக்கு மேல போனா நீண்டது நீண்டதுதான். ஹார்டுவேர் கடைச் சாதா போல்ட்டு 4.6, அதாவது பாதி பலம். இஞ்சு போல்ட்டுல நம்பர் இருக்காது. அமெரிக்க முறையில தலையில மூணு கோடு இருந்தா கிட்டத்தட்ட 8.8 பலம், ஆறு கோடு இருந்தா அதைவிட மேல. இங்கிலீஷ் போல்ட்டுல எஸ், டி மாதிரி எழுத்து பலத்தைச் சொல்லும், ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு நிக்கிற சின்ன வட்டங்கள் யு.என். மரைன்னு சொல்லும். எங்க கையில கிடைச்சது மூணு கோடு.

டவுன்காரங்க பண்ற ஒரு வேலையை இங்க சொல்லியே ஆகணும். பழைய காரைப் பளபளன்னு ஆக்கணும்னு எல்லா இடத்துலயும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டு போடறாங்க. பையனும் ஒரு பாக்கெட் வாங்கி வெச்சிருந்தான். நம்பர் பிளேட்டுக்குப் போடு, கதவுக்குப் போடு, நான் வேண்டாங்கலை. கடையில சாதாரணமாக் கிடைக்கிற ஸ்டெயின்லெஸ் ஏ2-70, சுமாரா 70 கிலோதான். அதுவும் அந்த இரும்பு இறுக்கறப்பவே மரையோட மரை ஒட்டிக்கிட்டு நின்னுடும், முழுசா இறுகிடுச்சுன்னு நாம நினைச்சுக்குவோம். பழைய போல்ட்டை ஆசிட்ல கழுவி முலாம் போட்டுத் தர்றதும் அப்படித்தான். ரொம்பக் கடினமான இரும்பை ஆசிட்ல போட்டு முலாம் பூசி, அப்புறம் பக்குவமாச் சூடு காட்டாம விட்டா, ஹைட்ரஜன் உள்ளே புகுந்து கண்ணாடி மாதிரி படக்குன்னு உடையும். பார்வைக்குப் புதுசு.

சரி, இது யு.என்.எஃப்.தானான்னு எப்படித் தெரியும்? மரை கேஜ்னு விசிறி மாதிரி ஒண்ணு விக்குது, அரம் பல்லு மாதிரி தகடு தகடா. வெர்னியரும் கேஜும் வாங்கினா ஆயுசுக்கும் வரும். அது இல்லைன்னா, தெரிஞ்ச போல்ட்டையும் தெரியாத போல்ட்டையும் மரையோட மரை சேர்த்து வெயிலுக்கு நேராப் பிடிங்க. நடுவுல வெளிச்சம் தெரியக்கூடாது. அப்புறம் கை விரல். சுத்தம் பண்ணின ஓட்டையில சரியான போல்ட்டு கடைசி வரைக்கும் விரல்லயே போகணும். மூணு சுத்துல நின்னா அது உன் போல்ட்டு இல்லை, ஸ்பேனரைத் தொடாதேன்னு பையனுக்குச் சொன்னேன். ஆனா விரலையும் முழுசா நம்ப முடியாத இடம் உண்டு. மூணு நூல் தடிமன்ல விட்வொர்த்துக்கும் 16 மரை, யு.என்.சி.க்கும் 16 மரை. ஒண்ணோட நட்டு இன்னொண்ணுல சுகமாப் போகும். சரிவு மட்டும் 55, 60னு வேற. மரையோட முழு முகமும் தொடாது. இதை விரல் சொல்லாது, கேஜ்தான் சொல்லும்.

அதைவிட மோசமானது பிரேக் பைப் நட்டு. இங்கிலீஷ் கார்ல அது மூணு நூல், இஞ்சுக்கு 24. அப்புறம் வந்த மெட்ரிக் வண்டிகள்ல பத்து எம்.எம்., ஒரு எம்.எம். மரை, அதாவது இஞ்சுக்கு 25 சொச்சம். எவனாவது மெட்ரிக் சிலிண்டரைப் போட்டு அதுல பழைய இங்கிலீஷ் நட்டை மாட்டினா, அது லொடலொடன்னு உள்ளே போய் நுனியில மட்டும் கவ்விக்கிட்டு இறுகின மாதிரி நிக்கும். சும்மா மிதிச்சுப் பார்த்தா ஒழுகாது. உயிருக்குப் பயந்து ஓங்கி மிதிக்கிற அன்னிக்குத்தான் பிடுங்கிக்கிட்டு வரும். பைப் நுனியை விரிச்சிருக்கிற விதமும் ரெண்டுக்கும் வேற.

"ஓட்டை மட்டும் இருக்கிற இடத்துல மெட்ரிக் போல்ட்டும் மெட்ரிக் நட்டும் ஜோடியாப் போட்டா என்ன?"ன்னு மெக்கானிக் பையன் மடக்கினான். நியாயமான கேள்வி. 8.8 போட்டா பலத்துக்குக் குறைவில்லை. ஆனா அஞ்சு வருசம் கழிச்சு வேற ஒருத்தன் அதைக் கழட்டுவான். தட்டுல இஞ்சும் மெட்ரிக்கும் கலந்து கிடக்கும். இதோட நட்டு அதுக்குப் போகும், பைப்பைப் போட்டு முறுக்குவான். இன்னிக்கு இந்த வண்டியில நாங்க கண்டுபிடிச்சது அப்படி எவனோ ஒருத்தன் விட்டுட்டுப் போனதைத்தானே.

இன்னும் சில சில்லறை. ஸ்ப்ளிட் பின் ஒரு தடவைதான். நிமிர்த்தி மறுபடி போடறதும் கட்டுக்கம்பியைச் சொருகறதும் எங்கப்பா திட்டின கம்பி ஆணி வேலை. மடக்கற வாசரும் அப்படித்தான், மடக்கின இடத்துலயே மறுபடி மடக்கினா கீறிடும். பிளாஸ்டிக் வளையம் வெச்ச நட்டு பிரேக் சூட்டுக்குப் பக்கத்துல வேண்டாம், வளையம் இளகிடும். காப்பர் வாசர் புதுசு போடுங்க. போல்ட்டு வாங்கறப்ப மொத்த நீளத்தை மட்டும் அளந்தாப் பத்தாது, மரை இல்லாத மொழுக்கு நீளத்தையும் அளக்கணும். ரெண்டு தகடு சேர்ற இடத்துல மொழுக்குப் பாகம்தான் நிக்கணும், மரை வந்து நின்னா அறுக்கறதுக்குக் கோடு போட்டுக் கொடுத்த மாதிரி.

எனக்குப் பையன் மேல கோபமில்லை. அவன் கேட்டுக்கிட்டான். என் கோபம், காரோட மினுக்குக்கு லட்சக் கணக்குல எண்ணி வைக்கிறவங்க, சக்கரத்துக்குள்ள இருக்கிற முப்பது ரூபாய்ப் போல்ட்டை "மெக்கானிக் பார்த்துக்குவான்"னு விடறாங்களே அதுல. மெக்கானிக் பையனுக்கு நாள் கூலி. போல்ட்டைத் தேடி அவன் ரெண்டு நாள் அலைஞ்சா அந்த ரெண்டு நாளைக்கு நீங்க காசு கொடுக்கறதில்லை. அப்புறம் அவன் பெட்டியில இருக்கிறதைத்தான் போடுவான். தேடற வேலைக்குக் கூலி கொடுங்க. நான் பையன்கிட்டச் சொல்லி அதைக் கொடுக்க வெச்சேன், மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தவனே அடுத்த நாள் கோயமுத்தூர் உக்கடம் வரைக்கும் போய் பழைய சாமான் கடை பாய்கிட்ட ஒரு ஜோடி வாசர் பிடிச்சுட்டு வந்தான்.

நம்ம நாட்டுல நல்ல போல்ட்டு கிடைக்கலைன்னு பேசறதும் சும்மா. சென்னையில 1962லயே பிரேக்ஸ் இந்தியா ஆரம்பிச்சாச்சு. 1966ல நட்டு போல்ட்டு செய்யறதுக்குன்னே சுந்தரம் பாஸ்டனர்ஸ் வந்தாச்சு. இங்க செய்யற போல்ட்டு வெளிநாட்டு வண்டிக்கெல்லாம் போகுது. நம்ம வீதிக் கடையில அது ஏன் இல்லைன்னா, தலையில என்ன போட்டிருக்குன்னு யாரும் திருப்பிப் பார்த்து வாங்கறதில்லை. கேட்டா வரும். விதை நெல்லும் அப்படித்தான், அதை இன்னொரு நாள் எழுதறேன்.

சிரைஞ்சு போன ஓட்டை இருந்த பாகத்தை மாத்திட்டோம். முன்சக்கரம் ரெண்டும் இப்பச் சுத்தம். போல்ட்டுத் தலையில வெள்ளைப் பெயின்ட்டுல கோடு போட்டு வெச்சிருக்கேன், நகர்ந்தாத் தெரியும். தோட்டத்துக்குள்ள பத்து நாள் ஓட்டி மறுபடி பார்த்தாச்சு, கோடு நகரலை. பின்சக்கரம் பிரிச்சதுல பைப் நட்டு ரெண்டு தலை மழுங்கிக் கிடக்கு. பையன் சென்னையிலிருந்து போன்ல படம் எடுத்து அனுப்பினா போதுமா மாமான்னு கேட்டான். படத்துல மரை எண்ண முடியாது மாப்ளை, சாமானைக் கையில கொண்டு போன்னு சொல்லியிருக்கேன். பாய்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கோம். அது வர்ற வரைக்கும் வண்டி கொட்டாய்லயே நிக்கட்டும், வால்பாறை எங்கயும் போயிடாது.